பொறிவல்லார் அலெக் இசிகோனிஸ்

ஓடும் காரைக் கண்டு வியப்பவர் பலர். அதன் நிறத்தைப் புகழ்வர், வேகத்தைப் புகழ்வர், எஞ்சினின் ஆற்றலை அளந்து பேசுவர். ஆனால் அந்தக் கார் வளைவில் திரும்பும்போது கவிழாமலும், பள்ளத்தில் இறங்கி ஏறும்போது வழி தவறாமலும் ஓடுகிறதே, அதற்குக் காரணமான உறுப்பைக் குனிந்து பார்ப்பவர் மிகச் சிலர். காரின் உடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே மறைந்து கிடக்கும் அந்த உறுப்புகளின் கூட்டத்தையே சஸ்பென்ஷன் என்கிறோம். அதற்காகத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவரின் வரலாற்றை இங்கு எழுத முனைகிறேன். அவர் பெயர் அலெக் இசிகோனிஸ்.

அயல்நாட்டுப் பொறியாளர் ஒருவருக்கு நம் தமிழ் மாணவர் மலரில் என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். கேட்பது நியாயமே. அவருக்கும் நமக்கும் உறவு உண்டு. நாம் வந்து சேர்ந்திருக்கும் இந்தக் கொல்கத்தாவின் மஞ்சள் டாக்சிகளுக்கு அடியில் அவருடைய கைவண்ணம் இருந்தது. நம்மில் பலரைப் போலவே அவரும் பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்தவர். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் கணிதத் தேர்வில் மும்முறை தவறியவர். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் விடுதி அறைகளில் எத்தகைய அமைதி நிலவும் என்பதை அறிந்தவர்கள், இந்த மூன்றாவது உறவை எளிதில் தள்ளிவிட மாட்டார்கள்.

இசிகோனிஸ் 1906 நவம்பர் 18 அன்று ஸ்மர்னா நகரில் பிறந்தார். இன்று துருக்கி நாட்டில் இஸ்மிர் என வழங்கும் துறைமுகம் அது. அன்று ஆட்டோமான் பேரரசின் கீழ் இருந்தது. தந்தை கான்ஸ்டன்டைன் கிரேக்க மரபினர். பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர். கப்பல் இயந்திரப் பட்டறை ஒன்றை நடத்தி வந்தார். தாய் ஹுல்டா ஜெர்மானியக் குடும்பத்தில் பிறந்தவர். வசதியான வீடு, குறையில்லாத இளமை.

அந்த இளமை 1922 செப்டம்பரில் முடிந்தது. கிரேக்கப் படை பின்வாங்கத் துருக்கிப் படை நகருக்குள் நுழைந்தது. பிரிட்டிஷ் குடிமக்களைக் கப்பலேற்றி மால்டா தீவுக்குக் கொண்டு சென்றார்கள். அதற்குள் ஸ்மர்னாவைப் பெருந்தீ சூழ்ந்தது. வீடும் பட்டறையும் பிறந்த ஊரும் ஒருசேரக் கைவிட்டுப் போயின. தந்தை மால்டாவிலேயே நோயுற்று மாண்டார். விதவைத் தாயும் பதினாறு வயது மகனும் 1923-ல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தனர். 1942-ல் பர்மாவிலிருந்து காடும் மலையும் கடந்து கால்நடையாக வந்த தமிழ்க் குடும்பங்களின் கதையை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் உண்டு. அவர்களுக்கு இந்த நிலையை நான் விளக்க வேண்டியதில்லை.

லண்டன் பாட்டர்சி பாலிடெக்னிக்கில் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். வரைபடத்தில் அவருக்கு நிகர் அவரே. கணிதத் தாளிலோ மூன்று முறை தோல்வி. கணிதம் படைப்பாற்றலின் பகை என்ற எண்ணம் அவருக்கு இறுதிவரை இருந்தது. அந்த எண்ணம் சரியா என்பதைப் பின்னால் பார்ப்போம். 1928-ல் லண்டனில் ஒரு சிறிய பொறியியல் அலுவலகத்தில் வரைவாளராகச் சேர்ந்தார். 1934-ல் காவன்ட்ரியில் ஹம்பர் நிறுவனத்துக்கும், 1936-ல் ஆக்ஸ்போர்டு அருகே கௌலியில் இருந்த மோரிஸ் நிறுவனத்துக்கும் மாறினார். மோரிஸ் நிறுவனத்தில் அவருக்குக் கிடைத்த வேலை சஸ்பென்ஷன் வேலை.

ஆனால் அவருடைய உண்மையான பள்ளிக்கூடம் அலுவலகம் அன்று, பந்தயக் களமே. ஆஸ்டின் செவன் என்ற சிறு காரை வாங்கி விடுமுறை நாட்களில் பந்தயம் ஓட்டினார். அந்தக் காரின் முன்பக்கம் ஒரே அச்சால் ஆனது. ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் மற்றதும் சாயும். அதன் சட்டகமோ, நாம் சேசிஸ் என்று சொல்வோமே அது, மெலிந்தது. வளைவில் முறுக்கிக் கொள்ளும். இங்குதான் பந்தயக் காரைச் சீரமைக்கும் எவரும் முதலில் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது. நான்கு மூலையிலும் எவ்வளவு நல்ல ஸ்பிரிங்கை மாட்டினாலும், அவற்றைத் தாங்கும் சட்டகமே வளைந்து கொடுத்தால் அதுவே ஐந்தாவது ஸ்பிரிங் ஆகிவிடும். அந்த ஐந்தாவது ஸ்பிரிங்குக்கு ஷாக் அப்சார்பர் கிடையாது. அதிர்வை அடக்க வழியில்லை. அடித்தளம் ஆடும்போது மேலே செய்யும் திருத்தம் எதுவும் நிலைக்காது.

இதை உணர்ந்த இசிகோனிஸ், தம் நண்பர் ஜார்ஜ் டவுசனுடன் சேர்ந்து புதிய பந்தயக் கார் ஒன்றைத் தாமே செய்யத் துணிந்தார். லைட்வெயிட் ஸ்பெஷல் என்பது அதன் பெயர். 1930-களின் நடுவில் தொடங்கிய வேலை முடியப் பல ஆண்டுகள் ஆயின. மின் கருவி இல்லை. ரம்பமும் அரமும் கையுமே துணை. பிளைவுட் பலகையின் இரு புறமும் அலுமினியத் தகடு ஒட்டி, அந்தப் பலகைகளால் காரின் பக்கச் சுவர்களை அமைத்தார்கள். தனியாகச் சட்டகம் வேண்டாம்; உடலே சட்டகம். எடை குறைந்தது, முறுக்கமும் அடங்கியது. நான்கு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கின. எஃகு ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர். முன்புறம் ரப்பர் அழுந்திச் சுமை தாங்கும். பின்புறம் ரப்பர் நீண்டு சுமை தாங்கும். முடிந்தபோது அந்தக் காரின் எடை ஏறத்தாழ 270 கிலோ. நான்கு பேர் எடைதான்! ஷெல்ஸ்லி வால்ஷ், பிரெஸ்காட் முதலிய மலையேற்றப் பந்தயங்களில் அது ஓடியது.

ஏன் இவ்வளவு பாடு? சக்கரம் தரையைத் தொடும் இடம் உள்ளங்கை அகலமே. முடுக்கினாலும், நிறுத்தினாலும், திருப்பினாலும் எல்லா விசையும் அந்த நான்கு உள்ளங்கைகளின் வழியே மண்ணுக்குப் போக வேண்டும். சக்கரம் ஒரு கணம் தரையை விட்டு எழும்பினால் அந்தக் கணத்தில் ஓட்டுநர் வெறும் பயணியே. ஸ்பிரிங் மிக மென்மையாக இருந்தால் உடல் சாய்ந்து எடை முழுவதும் ஒரு பக்கம் சேரும். மிகக் கடினமாக இருந்தால் சிறு கல்லுக்கும் சக்கரம் துள்ளும். இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை உண்டு. அதைத் தேடுவதே பந்தயக் காரைச் சீரமைப்பவன் வேலை. இசிகோனிஸ் அதைத் தம் உயிரைப் பணயம் வைத்துத் தேடினார். தாம் செய்த காரைத் தாமே ஓட்டினார் அன்றோ?

களத்தில் கற்றது அலுவலகத்தில் பயன்பட்டது. மோரிஸ் நிறுவனத்தில் ஜாக் டேனியல்ஸ் என்ற வரைவாளருடன் சேர்ந்து, முன் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே இயங்கும் அமைப்பு ஒன்றை உருவாக்கினார். போர் குறுக்கிட்டதால் அது உடனே வெளிவரவில்லை. 1947-ல் எம்.ஜி. ஒய் காரில் இடம்பெற்றது. அங்கிருந்து டி.டி., எம்.ஜி.ஏ., எம்.ஜி.பி. என்று அந்த நிறுவனத்தின் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார்களுக்குள் புகுந்து, 1980 வரை நிலைத்தது. பழைய எம்.ஜி. காரைப் பந்தயக் களத்துக்குத் தயார் செய்பவர்கள் இன்றும் தொட்டுத் திருத்துவது அடிப்படையில் அந்த 1930-களின் சிந்தனையைத்தான்.

1948-ல் லண்டன் கண்காட்சியில் மோரிஸ் மைனர் வந்தது. எளியவர் வாங்கும் சிறு கார். ஆயினும் வளைவில் அதை விஞ்சும் பெரிய கார்கள் அன்று சிலவே. எஞ்சினை நன்றாக முன்னே தள்ளி வைத்தார். மூக்குப் பக்கம் கனத்தால் கார் நேர்வழியில் நிலைக்கும் என்பது அவர் கொள்கை. முன் சக்கரங்களுக்குச் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக டார்ஷன் பார் வைத்தார். நிறுவனத் தலைவர் நப்பீல்டு பிரபுவுக்கு அந்தக் காரின் உருவமே பிடிக்கவில்லை. மக்களுக்குப் பிடித்தது. பத்து லட்சம் விற்ற முதல் பிரிட்டிஷ் கார் அதுவே.

அதே ஆண்டில் அதே அமைப்புடன் வந்த பெரிய கார் மோரிஸ் ஆக்ஸ்போர்டு. இங்குதான் கதை ஹூக்ளி ஆற்றங்கரைக்கு வருகிறது. ஹவுராவிலிருந்து வடக்கே போகும் ரயிலில் உத்தர்பாராவை அடுத்து ஹிந்த் மோட்டார் என்று ஒரு நிலையம் உண்டு. பிர்லா குடும்பத்தின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையால் அந்த நிலையத்துக்கு அந்தப் பெயர். மோரிஸ் மைனர் அங்கே பேபி ஹிந்துஸ்தான் ஆயிற்று. ஆக்ஸ்போர்டு ஹிந்துஸ்தான் 14 ஆயிற்று. பின்வந்த ஆக்ஸ்போர்டுகளின் வழியில் லேண்ட்மாஸ்டரும், 1950-களின் இறுதியில் அம்பாசிடரும் பிறந்தன. அந்தப் பிற்கால ஆக்ஸ்போர்டு வெளிவந்தபோது இசிகோனிஸ் அந்த நிறுவனத்தில் இல்லை. எனினும் முன் சக்கரங்களைத் தாங்கியது அவர் வகுத்துச் சென்ற டார்ஷன் பார் முறையே. 2014 மே மாதத்தில் தொழிற்சாலை நின்றது. தெருவில் மஞ்சள் டாக்சிகளும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றன.

இந்த டார்ஷன் பாரை நான் கண்ணால் கண்டது மல்லிக் பஜார் பக்கத்தில் ஒரு மெக்கானிக் கடையில். இயற்பியல் முதுகலை மாணவனாகிய எனக்கு அது வெறும் இரும்புத் தடியாகவே முதலில் தோன்றியது. கடைக்காரர் ஒரு முனையைப் பிடித்துக் காட்டினார். ஒரு முனை சட்டகத்தில் இறுகப் பூட்டியிருக்கும்; மறுமுனை சக்கரத்தின் கையோடு சேரும். சக்கரம் மேலே ஏறும்போது தடி முறுக்கேறும். பின் முறுக்கு அவிழ்ந்து சக்கரத்தைக் கீழே அனுப்பும். அவ்வளவுதான்! தடியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. விட்டத்தைப் பத்து விழுக்காடு கூட்டினால் விறைப்பு 46 விழுக்காடு கூடும். புத்தகத்தில் நான் எத்தனையோ முறை எழுதிய சூத்திரம் அது. சூத்திரம் அறியாத அந்தப் பெரியவர், தடி ஒரு நூல் பருத்தாலும் வண்டி கல்லாகிவிடும் என்று தம் இந்தியில் சொன்னார். இருவரும் சொன்னது ஒன்றே.

1952-ல் ஆல்விஸ் நிறுவனத்துக்குப் போன இசிகோனிஸ், அங்கு வடித்த பெரிய கார் பணமின்மையால் கைவிடப்படவே, 1955-ல் திரும்பி வந்தார். மோரிஸும் ஆஸ்டினும் அதற்குள் பி.எம்.சி. என்று ஒன்றாகியிருந்தன. 1956-ல் சூயஸ் நெருக்கடி. பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீடு. நிறுவனத் தலைவர் லியனார்டு லார்டு 1957-ல் சிறிய கார் ஒன்றை விரைந்து செய்யச் சொன்னார். 1959 ஆகஸ்ட் 26 அன்று மினி வெளிவந்தது. நீளம் பத்தடி, சக்கரம் பத்து அங்குலம். எஞ்சினைக் குறுக்காக வைத்து, கியர்பெட்டியை அதற்கு அடியிலேயே அடக்கி, முன் சக்கரங்களை ஓட்டச் செய்தார். காரின் நீளத்தில் ஐந்தில் நான்கு பங்கு மனிதர்க்கும் மூட்டைக்கும் கிடைத்தது.

இவ்வளவு சிறிய காரில் ஸ்பிரிங்குக்கு இடம் ஏது? மற்றொரு தொல்லையும் உண்டு. கார் எடை குறைந்தது. நான்கு பேர் ஏறினால் சுமை பெரிதும் கூடும். ஒருவருக்கு ஏற்ற ஸ்பிரிங் நால்வருக்குத் தளரும். நால்வருக்கு ஏற்றது ஒருவரைத் தூக்கிப் போடும். விடை ரப்பரில் இருந்தது. நண்பர் அலெக்ஸ் மோல்டன் ரப்பர்க் கூம்பு ஒன்றை வடித்துக் கொடுத்தார். கூம்பு அழுந்த அழுந்த விறைப்பு ஏறும். சுமை குறைந்தபோது மென்மை, கூடியபோது வன்மை. லைட்வெயிட் ஸ்பெஷலில் கையால் செய்து பார்த்த ரப்பர், இருபது ஆண்டுகளுக்குப் பின் லட்சக்கணக்கான கார்களுக்குள் குடியேறியது.

மக்களுக்கென்று செய்த மினியைப் பந்தயக் காராகக் கண்டவர் ஜான் கூப்பர். இசிகோனிஸ் முதலில் அதை விரும்பவில்லை. ஆயினும் 1961-ல் மினி கூப்பர் பிறந்தது. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியில் வென்றது. 1966-ல் முதலாவதாக வந்தும் விளக்கு விதியைக் காட்டி விலக்கப்பட்டது. பெரிய எஞ்சின்களைச் சிறிய கார் வென்றது எதனால்? வேகத்தைக் கூட்டியதால் அன்று. வளைவில் வேகத்தை இழக்காததால்.

பழைய மினியைப் பந்தயக் களத்தில் ஓட்ட விரும்புவோர் இன்றும் பின்பற்றும் ஒழுங்கு ஒன்று உண்டு. முதலில் பழைய ரப்பரை மாற்றுவர். வயதான கூம்பு தளர்ந்து, கார் ஒரு பக்கம் குந்தியிருக்கும். இணைப்புகளில் உள்ள புஷ்ஷுகள் தேய்ந்திருந்தால் அவற்றையும் மாற்றுவர். பிறகு உயரம். கூம்புக்கும் சக்கரத்தின் கைக்கும் இடையே உள்ள துண்டைச் சற்றுக் குறைத்தால் உடல் தாழும். நெம்புகோல் விதிப்படி அங்கே சில மில்லிமீட்டர் குறைத்தால் சக்கரத்தில் அது பல மடங்காகும். அதன்பின் சக்கரங்களின் மேல்விளிம்பைச் சிறிது உட்பக்கம் சாய்ப்பர்; வளைவில் உடல் சாயும்போது வெளிச்சக்கரத்தின் டயர் முழு அகலத்தோடு தரையில் படிய இதுவே வழி. முன் சக்கரம் இழுக்கும் கார் வளைவில் வெளியே ஒதுங்கப் பார்க்கும். பின்புறம் ஒரு சாய்வுத் தடைக் கம்பி பூட்டினால் அந்தக் குணம் குறையும். ஷாக் அப்சார்பரைக் கடைசியில் திருத்துவர். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், பிறகு ஓட்டம், பிறகு கடிகாரம், பிறகு குறிப்பேடு. நம் ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் கற்பிக்கும் முறை இதுவன்றி வேறென்ன?

புகழ் வந்தது. 1967-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1969-ல் சர் பட்டம். குறைகளும் அவரிடம் இருந்தன. பிறர் கருத்தைக் கேட்கும் பொறுமை குறைந்துகொண்டே வந்தது. இருக்கை சொகுசாக இருந்தால் ஓட்டுநர் அயர்வார் என்று பிடிவாதம் பிடித்தார். மினி பெரும் புகழ் ஈட்டியும், ஈட்டிய லாபம் சிறிதே. 1971-ல் ஓய்வு பெற்றார். மணம் செய்து கொள்ளவில்லை; அகதியாகத் தம்மோடு வந்த தாயை அவர் மறையும் வரை உடன் வைத்துக் காத்தார். 1988 அக்டோபர் 2 அன்று பர்மிங்காமில் காலமானார். 2000-ஆம் ஆண்டில் பழைய மினி உற்பத்தி நின்றபோது, செய்யப்பட்ட கார்கள் 53 லட்சத்துக்கு மேல்.

இனி, பின்னால் பார்ப்போம் என்று விட்ட கேள்விக்கு வருகிறேன். கணிதம் பகை என்று இசிகோனிஸ் எண்ணினார். அவர் வாழ்வே அதை மறுக்கிறது. அவர் தாளில் கிறுக்கிய படங்களை அளவோடு கூடிய வரைபடம் ஆக்கியவர் டேனியல்ஸ். ரப்பரின் இயல்பைக் கணக்கிட்டு வடித்தவர் மோல்டன். நான்காம் படி விதியை அவர் வெறுத்திருக்கலாம். அவருடைய டார்ஷன் பார் அதற்குக் கீழ்ப்படிந்தே முறுக்கிக் கொண்டது. ஆகவே கணிதத்தைக் கைவிட நினைப்பவர் எவரும் அவரைத் துணைக்கு அழைக்க வேண்டாம். அறியாததை அறிந்த நண்பரோடு சேர்ந்து செய்தார் என்பதே உண்மை.

ஆனால் இன்னோர் உண்மையும் உண்டு. சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் கணித இயற்பியல் தாளில் இரண்டாம் முறை தவறினார். ஊரில் கடன்பட்டு அனுப்பிய தந்தை முகத்தில் எப்படி விழிப்பது என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேறினார். அதன்பின் அவர் திரும்பவில்லை. ஆய்வுக்கூடத்தில் பழுதான கருவி எதுவானாலும் நாங்கள் தேடிப் போவது அவரைத்தான். அந்தக் கைகளின் அறிவை எந்தத் தாள் அளந்தது? இசிகோனிஸுக்கு மூன்றாம் தோல்விக்குப் பின்னும் ஒரு பட்டறை இருந்தது. டவுசன் என்ற நண்பர் இருந்தார். கையால் உழைக்கப் பல ஆண்டுகள் இருந்தன. அந்த மூன்றில் ஒன்றையாவது நம் நண்பருக்கு நாம் தந்தோமா?

தோழர்களே! பாதை எல்லா இடத்திலும் சமமாக இராது. பள்ளம் வரும். சக்கரம் ஒரு கணம் எழும்பலாம். அதை மீண்டும் மண்ணில் பதிய வைக்க ஒரு ஸ்பிரிங் வேண்டும், ஆட்டத்தை அடக்க ஒரு துணை வேண்டும். நம் சங்கம் ஆண்டுக்கொரு விழாவும் மலரும் நடத்துவதோடு நில்லாமல், தவறியவர்களுக்கு மாலை வேளையில் பாடம் சொல்லித் தரும் ஏற்பாடு ஒன்றைத் தொடங்கட்டும். கணிதம் சொல்லிக் கொடுக்க நான் வருகிறேன். பெட்டியைக் கட்டிய நண்பருக்கும் கடிதம் எழுதுவோம்.